டோமு வருவானா

ஆன்ட்ரூஸ் எனக்குத் தரவேண்டியது மூவாயிரத்து நூற்று ஐம்பது ரூபாய். வட்டிக்குக் கொடுத்த பணமில்லை, கைமாற்றும் இல்லை. ஒரு கடல்சிங்கத்துக்காக அவன் அழுத அழுகையில் என் போன் ஐஸ் அறைக்குள் விழுந்து உடைந்ததே, அந்தக் காசு.

நாங்கள் குளச்சலிலிருந்து விசைப்படகில் போகிறவர்கள். ஒரு தடவை போனால் பத்துப் பன்னிரண்டு நாள் கடலில் கிடப்போம். வலையைப் போட்டு மூன்று மணி நேரம் இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். பிறகு வலையை ஏற்றி, மீனைத் தரம் பிரித்து, ஐஸில் அடுக்கி, மறுபடியும் வலையைப் போட வேண்டும். ராவும் பகலும் இதுதான் வேலை. அந்த மூன்று மணி நேரத்தில்தான் தூங்குவது, தின்பது, சண்டை போடுவது எல்லாம். படகில் எட்டுப் பேர் உண்டு. இந்தக் கதைக்கு நாலு பேர் போதும். பெனிஷ் எங்கள் ஸ்ராங்கு, படகை ஓட்டுகிறவன். என்னைவிடப் பத்து வயது இளையவன் என்றாலும் கடலில் அவன் சொன்னதுதான் சட்டம். ஆன்ஸ்லின் இன்ஜின் பார்ப்பவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அப்புறம் நானும் ஆன்ட்ரூஸும். வலைக் கயிற்றில் அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முப்பது வருஷம் இப்படியே போய்விட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மகள் பெபிஷா, அவள் பார்ப்பதற்காக என் போனில் ஒரு கார்ட்டூனைப் பன்னிரண்டு பாகம் இறக்கி வைத்திருந்தாள். அழிக்க மறந்துவிட்டாள். ‘மிதவை நகரம்’ என்று பெயர். கரையை விட்டு இரண்டு மணி நேரம் ஓடினால் எங்கள் போனில் சிக்னல் போய்விடும். வேறு ஒன்றும் பார்க்கக் கிடைக்காத ஒரு மத்தியானத்தில் ஆன்ட்ரூஸ் அதைத் திறந்தான். “சின்னப் பிள்ளியளுக்க படமில்லாடே இது” என்று சிரித்தான். மூன்றாம் பாகத்தில் சோறு ஆறியது. ஐந்தாம் பாகத்தில் பெனிஷ் வீல் அறையிலிருந்து கழுத்தை நீட்டி, “ஒலி கூட்டி வையும் அண்ணே, எனக்குங் கேக்கட்டும்” என்றான்.

கதை இதுதான். உலகத்தில் கரையே இல்லாமல் போய்விடுகிறது. மிஞ்சிய சனங்கள் ஆயிரம் படகுகளை ஒன்றோடொன்று கட்டி, அதன்மேல் ஒரு ஊரைக் கட்டி மிதக்கிறார்கள். அந்த ஊரின் ஓரத்தில் விளக்குப் போடும் வேலை மிரி என்ற பெண் பிள்ளைக்கு. அவளுக்குத் துணை டோமு. டோமு ஒரு கடல்சிங்கம். ஒரு பழைய படகை ஓட்டும், கிழிந்த வலையைப் பொத்தும், அதிகம் பேசாது. பேசினால் மதுரைத் தமிழ் பேசும். தமிழில் குரல் கொடுத்தவர் அந்தப் பக்கத்துக்காரராக இருக்க வேண்டும். கடலையே காணாத ஊர்ப் பேச்சு கடல்சிங்கத்துக்கு எப்படி வந்தது என்று ஆன்ஸ்லின் ஒரு ராத்திரி முழுக்க ஆராய்ச்சி செய்தான். ஆனாலும் அந்தக் குரல் இல்லாமல் டோமுவை எங்களால் நினைக்க முடியாது.

எங்களுக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணம் உண்டு. படங்களில் கடலைக் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் கரையில் நின்று பார்த்தவர்கள். இதை வரைந்தவன் எவனோ, கடலில் கிடந்தவன். கயிறு நனைந்தால் எப்படிக் கனக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. வலை பொத்துகிறவன் காலின் பெருவிரலில் நூலை மாட்டிக்கொள்வதைக்கூட வரைந்திருந்தான். டோமுவுக்கு விரல் கிடையாது, துடுப்பில் மாட்டிக்கொள்ளும்.

பிறகு ஒவ்வொரு தடவையும் கரையில் புதுப் பாகம் இறக்கிக்கொண்டுதான் கடலுக்குப் போவோம். எங்கள் படகில் தொடங்கியது, வயர்லெஸ் வழியாக மற்றப் படகுகளுக்கும் பிடித்துக்கொண்டது. காற்று எப்படி, கணவாய் மீன் எங்கே கிடக்கிறது என்று பேசுகிற வாய்கள் எல்லாம் டோமு என்ன செய்தான் என்று பேசத் தொடங்கின.

நாற்பத்தேழாம் பாகத்தில் மிரி கோபத்தில், “நீ எங்க ஊர்க்காரன் இல்ல, போயிரு” என்று சொல்லிவிடுகிறாள். டோமு ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. குனிந்து அவள் விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிறது. அவ்வளவுதான். ஆன்ட்ரூஸ் ஐஸ் அறைக் கதவு ஓரத்தில் உட்கார்ந்து என் போனைப் பிடித்திருந்தான். கண்ணைத் துடைக்க இரண்டு கையையும் தூக்கினான். போன் உள்ளே போய்விட்டது.

“ஏலே, எனக்க போனு!”

“டோமுவப் பாருடே, அவன் எண்ணெ ஊத்துகான்” என்று அவன் அப்போதும் அழுதுகொண்டுதான் இருந்தான்.

டிஸ்பிளே மாற்றக் குளச்சல் கடையில் மூவாயிரத்து நூற்று ஐம்பது. பெபிஷாவின் கல்லூரி பஸ்ஸுக்கு என்று வீட்டுக்காரி சகாயசெல்வி எடுத்து வைத்திருந்த காசை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். “ஆன்ட்ரூஸ் தந்திருவான்” என்று சொன்னேன். அவனும் தருவேன் என்றுதான் சொன்னான். அடுத்த பங்குக்கு, அதற்கடுத்த பங்குக்கு என்று இரண்டு தடவை கடலுக்குப் போய் வந்தாயிற்று. அவனைச் சொல்லியும் குற்றமில்லை. இரண்டு தடவையும் டீசல் காசு கழித்தபின் பங்கு என்று கையில் வந்தது மிகக் கொஞ்சம். மூன்றாவது தடவை நான் பையைத் தூக்கும்போது சகாயசெல்வி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“இந்தப் போக்குல அந்தக் காசு கைக்கு வரல்லேன்னு வையுங்க, நீங்க போட்டுலயே கெடங்க. பிள்ளைக்கு பஸ்ஸுக்குக் கெட்டணும். நான் பறஞ்சிட்டேன்.”

நாங்கள் புதன்கிழமை துறைமுகத்தை விட்டோம். வெள்ளிக்கிழமைதான் மிதவை நகரத்தின் கடைசி இரண்டு பாகம் வெளிவருவதாக இருந்தது. ஐம்பத்தொன்றும் ஐம்பத்திரண்டும். இரண்டு நாள் காத்திருக்கலாம் என்று நாங்கள் எட்டுப் பேரும் சொல்லிப் பார்த்தோம். மீன் காத்திருக்காது என்று முதலாளி சொல்லிவிட்டார்.

ஐம்பதாம் பாகம் எங்கே நின்றது என்றால், தீப்பிடித்த எண்ணெய்க் கப்பல் ஒன்று ஊரை நோக்கி மிதந்து வருகிறது. டோமு தன் படகின் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நிற்கிறது. தொடரும்.

“இழுத்துக்கிட்டுத் தூரக் கொண்டு விட்டுட்டுத் திரும்பி வருவான்” என்றான் ஆன்ட்ரூஸ்.

“வரமாட்டான்” என்றேன் நான்.

என் குணம் அப்படி. வானத்தில் கையளவு மேகம் கண்டால் காற்று அடிக்கும் என்பேன். வலை கனத்தால் கல் என்பேன். முக்கால்வாசியும் நான் சொன்னதுதான் நடந்திருக்கிறது.

“ஒனக்க வாயில ஒரு நல்ல சொல்லு வராதாடே?”

“எண்ணெக் கப்பலு வெடிச்சா கல்லே செதறும். டோமு என்ன, இரும்பா?”

“பந்தயம் வைக்கியா?”

“வைக்கதுக்கு ஒங்கிட்ட என்ன இருக்கு? எனக்குத் தரவேண்டியதே கெடக்கு.”

“அதைத்தான் வைக்கேன். டோமு வரல்லேன்னா ரெட்டியாத் தாறேன். ஆறாயிரத்து முந்நூறு. கரைக்குப் போனதும் எனக்க பொஞ்சாதிக்க மோதிரத்த வச்சாவது எண்ணி வைப்பேன். டோமு வந்தான்னா ஒண்ணுங் கிடையாது. கேக்கப்பிடாது.”

பெனிஷ் மேலேயிருந்து, “சம்மதமா அண்ணே?” என்றான். எனக்கு சகாயசெல்வி வாசலில் நின்றது கண்முன் வந்தது. சும்மா கேட்டால் வராத பணம், பந்தயம் என்றால் வரும். ஆன்ட்ரூஸ் பந்தயத்தில் வார்த்தை மாறமாட்டான், அது எல்லோருக்கும் தெரியும். சம்மதம் என்றேன். டீசலும் ஐஸும் எழுதுகிற நோட்டில் பெனிஷ் அதையும் எழுதினான்: டோமு வந்தால் ஒன்றுமில்லை, வராவிட்டால் 6,300.

சனிக்கிழமை காலையில் வயர்லெஸ் கரகரத்தது. வெள்ளி ராத்திரி கிளம்பிய சுதனின் படகு.

“எல்லா போட்டும் கேட்டுக்கிடுங்க. நான் ரெண்டும் கண்டாச்சு. எனக்க அம்மோ! நேத்து ராத்திரியிலேருந்து எனக்கு சோறு எறங்கல்ல...”

“சொல்லாத!” என்று ஐந்தாறு படகிலிருந்து ஒரே நேரத்தில் சத்தம் வந்தது.

“சொல்லல்ல மக்கா. ஆனா ஒண்ணு மட்டும்...”

“லேய் சுதா, வாய மூடு! ஒனக்கத் தொண்டையில வலைக் கட்டைய எறக்குவேன்” என்று ஆன்ட்ரூஸ் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு கத்தினான்.

வயர்லெஸ்ஸை அணைத்துவைக்கவும் முடியாது. காற்று எச்சரிக்கை அதில்தான் வரும். கடைசியில் மூத்த ஸ்ராங்குகள் கூடிப் பேசி ஒரு சட்டம் போட்டார்கள். எல்லோரும் பார்த்து முடிக்கும்வரை முடிவைச் சொல்லுகிறவன் மற்ற ஒவ்வொரு படகுக்கும் ஒரு பெட்டி கிளிமீன் தண்டம் கட்ட வேண்டும். பன்னிரண்டு படகு, பதினொரு பெட்டி. சுதன் அடங்கினான். ஆனாலும் இடையிடையே மைக்கை அழுத்தி மூக்கைச் சிந்துவான். அழுகிறானா, நடிக்கிறானா என்று தெரியாமல் நாங்கள் தவித்தோம்.

மற்றப் படகுகளுக்கெல்லாம் படத்தைக் கொடுத்துவிட்டு, ஞாயிறு காலையில் கடைசியாக அவன் படகு எங்கள் பக்கம் வந்தது. நடுக்கடலில் குடிதண்ணீர், வெற்றிலை, மாத்திரை எல்லாம் படகு விட்டுப் படகு கயிற்றில்தான் போகும். சுதன் மெமரி கார்டைக் காலி ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டு, கயிற்றில் கட்டி வீசினான். முதல் வீச்சு கடலில் விழுந்தது. எட்டுப் பேரும் ஐயோ என்றோம். இரண்டாவது வீச்சை ஆன்ஸ்லின் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தான். நாரத்தங்காய் மணத்தோடு வந்து சேர்ந்தான் டோமு.

“சுதா, மூஞ்சியக் காட்டாம போ! மூஞ்சியப் பாத்தாலே முடிவு தெரிஞ்சிரும்” என்று ஆன்ட்ரூஸ் கத்த, சுதன் துவர்த்துத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டே படகைத் திருப்பினான்.

வலையைப் போட்டோம். வழக்கமாக வீல் அறை நிழலில் நாலைந்து பேர் ஒடுங்கிப் பார்ப்போம். அன்று எட்டுப் பேரும் பார்க்க வேண்டும் என்றதால் பின்தளத்தில் போனைச் சாய்த்து வைத்தோம். பெனிஷ் மட்டும் வீலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பின்கதவு வழியாக எட்டி எட்டிப் பார்த்தான். உச்சி வெயில். சார்ஜ் குறைவாக இருந்ததால் ஆன்ஸ்லின் வெளிச்சத்தைக் கூட்ட விடவில்லை. உள்ளங்கையால் மறைப்புக் கட்டிக்கொண்டு பார்த்தோம்.

ஐம்பத்தொன்றில் டோமு கிளம்புகிறது. எரிகிற கப்பலைத் தன் படகோடு கட்டிவிட்டு மிரியிடம் திரும்பி, “வெளக்க மட்டும் அணைச்சுராத தாயி. அம்புட்டுத்தேன்” என்கிறது. அதன் படகு இருட்டுக்குள் போகிறது. தூரத்தில் வானம் சிவக்கிறது.

ஐம்பத்திரண்டில் மிரி வளர்கிறாள். கல்யாணம் ஆகிறது, பிள்ளை பிறக்கிறது. ஒவ்வொரு ராத்திரியும் விளக்குப் போடுகிறாள். தலை நரைக்கிறது. பத்தொன்பதாவது நிமிஷத்தில் அவள் விளக்கோடு ஊரின் ஓரத்துக்கு வருகிறாள். எதையோ கண்டவள்போல நிற்கிறாள்.

அந்த நேரத்தில் எங்கள் படகு பின்னால் பிடித்து இழுத்ததுபோல நின்றது. இன்ஜின் முக்கியது.

“வலை மாட்டியாச்சு! கல்லு! எல்லாரும் எழும்பு!” என்று பெனிஷ் கத்தினான்.

“அஞ்சு நிமிசம் பெனிஷே! அஞ்சே அஞ்சு நிமிசம்!” என்று ஆன்ட்ரூஸ் கெஞ்சினான்.

“ரெண்டு லெச்சத்துக்க வலை ஓய்!”

போனைத் தூக்கி வீல் அறையில் வைத்துவிட்டு ஓடினோம். இரண்டு மணி நேரம். படகைப் பின்னால் எடுத்து, கயிறு சுற்றும் வின்ச்சை விட்டு இறுக்கி, விட்டு இறுக்கி, வலையைக் கல்லிலிருந்து பிடுங்கினோம். ஒரு பக்கம் கிழிந்திருந்தது. கிழிந்த வலையிலும் கணவாய் நிறையக் கிடந்தது. வேறு நாளாக இருந்தால் பாட்டுப் பாடியிருப்போம். அன்று ஒருத்தன் முகத்திலும் அதைக் கண்ட சந்தோஷமில்லை. வலையைப் பொத்துகையில் என் கை ஊசியில் இருந்தது, மனசு மிரி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. அவள் என்ன கண்டாள்?

மறுபடியும் வலையைப் போட்டுவிட்டு, கையில் மீன் செதிலோடு அப்படியே வந்து உட்கார்ந்தோம். மூன்று மணி வெயில். மிரி நிற்கிறாள். எதிரே இருட்டுக் கடல். அதில் புள்ளியாக ஒரு வெளிச்சம். டோமு கிளம்பிப்போனபோது வந்த அதே பாட்டு. மிரி சிரிக்கிறாள். விளக்கைத் தூக்கிப் பிடித்து, “இப்பத்தான் எண்ணெய் ஊத்தினேன்” என்கிறாள். திரை இருட்டாகிறது. பெயர்கள் ஓடுகின்றன.

ஆன்ட்ரூஸ் துள்ளி எழுந்தான்.

“வந்துட்டான்! டோமு வந்துட்டான்! வெளிச்சத்தப் பாத்தியா? எனக்க கடம் தீந்தாச்சு!”

“எங்க வந்தான்? அது அவ நெனப்பு” என்றேன். “போன நேரத்துள்ள அதே கடல், அதே இருட்டு, அதே பாட்டு. கெளவிக்குப் பழைய நெனப்பு வந்து சிரிக்கா. சாவப்போற சிரிப்பு அது.”

“அப்ப ‘எண்ணெ ஊத்தினேன்’னு யாருட்டப் பறையுகா? காத்துட்டயா?”

“எனக்க அம்மையுஞ் சாவதுக்கு முன்ன எங்க அப்பனுட்டப் பேசிக்கிட்டுத்தான் கெடந்தா. அப்பன் செத்து பதினஞ்சு வருசம்.”

அது கொஞ்சம் எடுபட்டது. ஆன்ஸ்லின் தலையை ஆட்டினான். “அண்ணன் சொல்லதும் செரிதான். வந்தவன் மொகத்த ஏன் காட்டல்ல? வந்திருந்தா காட்டமாட்டானா?”

“காட்டாம விட்டாத்தாம்லே நாம இப்படி அடிச்சிக்கிடுவோம்! வரைஞ்சவன் அதுக்குத்தான் விட்டிருக்கான்!” என்று ஆன்ட்ரூஸ் கத்தினான்.

படகு இரண்டு கட்சியாகிவிட்டது. சமையல் பார்க்கிறவன் அடுப்பை விட்டுவிட்டு வந்து டோமு கட்சியில் சேர்ந்தான். சோறு அடிப்பிடித்த வாடை வந்தது. யாரும் போய்ப் பார்க்கவில்லை. கடைசியில் பெனிஷ் வயர்லெஸ்ஸை எடுத்தான். தண்டச் சட்டம் முடிந்தது என்றும், ஒவ்வொரு படகும் தன் தீர்ப்பைச் சொல்லலாம் என்றும் அறிவித்தான்.

அவ்வளவுதான், மடை உடைந்தது. இரண்டு நாளாக வாயை அடக்கி வைத்திருந்த பன்னிரண்டு படகும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து பேசின. டோமு செத்தான் என்று ஒரு படகு. சாகவில்லை, வேறொரு மிதவை ஊருக்குப் போய்விட்டான் என்று இன்னொரு படகு. டோமு என்று ஒருத்தனே கிடையாது, எல்லாம் மிரியின் கனவு என்று ஒருத்தன் சொல்லப்போக, அவனை எல்லோருமாக அடிக்காத குறை. சுதன் தன் தீர்ப்பை நிதானமாகச் சொன்னான்.

“கரையில இருந்து நான் எல்லாங் கண்டுட்டுத்தான் வந்தேன். மெட்ராஸ்ல ஒருத்தன் நாப்பது நிமிசம் இதைப் பத்தியே பேசி வீடியோ போட்டிருக்கான். செத்தாச்சுன்னுதான் அவன் முடிக்கான். அது நெனப்புதான். அவன் படிச்சவன்.”

எண்ணிப் பார்த்ததில் ஒன்பது படகு என் பக்கம். ஆன்ட்ரூஸ் துவர்த்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “செரிடே. வாக்கு வாக்குத்தான். ஆறாயிரத்து முந்நூறு” என்றான். காசுக்காக அவன் முகம் வாடவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அந்தி சாய்ந்தது. பெனிஷ் குளித்துச் சோறு தின்னப் போனபோது என்னை வீலைப் பிடிக்கச் சொன்னான். இழுவையில் படகு மெதுவாகத்தான் ஓடும். திசையை மாற்றாமல் பிடித்தால் போதும். மாற்றினால் வலை சுருண்டுவிடும். சார்ஜில் கிடந்த என் போன் நிறைந்திருந்தது. எனக்குள் ஒரே குஷி. பஸ் காசு போக மூவாயிரத்துச் சொச்சம் மிச்சம் வரும். சகாயசெல்வி கையில் எண்ணிக் கொடுக்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும்! எனக்கு ஆறாயிரத்து முந்நூறு வாங்கித் தந்த அந்தக் காட்சியை இன்னொரு தரம் பார்ப்போம் என்று போட்டேன். போனை எதிர்க்கண்ணாடியில் சாய்த்து வைத்தேன். அறைக்குள் இருட்டியிருந்தது. போனின் வெளிச்சம் முழுசாக இருந்தது.

மிரி ஓரத்துக்கு வந்தாள். கடல் தெரிந்தது.

என் கை வீலை வலப்பக்கம் ஒடித்தது.

நான் ஒடிக்கவில்லை, கைதான் ஒடித்தது. படகு சாய்ந்தது, இழுவைக் கயிறு கிறீச்சிட்டது. கீழே தட்டு உருண்டு விழுகிற சத்தம். சோற்றுக் கையோடு பெனிஷ் ஏணியில் பாய்ந்து ஏறி, என்னைத் தள்ளிவிட்டு வீலைத் திருப்பி நேராக்கினான்.

“அண்ணே! ஒமக்கென்ன கிறுக்கா? வலை கெடக்கும்போ எதுக்கு ஒடிச்சீரு?”

அப்போதுதான் என் கை எதற்கு ஒடித்தது என்று எனக்கே புரிந்தது. போனைப் பார்த்தேன். காட்சி அங்கேயே ஓடிக்கொண்டிருந்தது. வெயிலில் நாங்கள் கண்டது ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. இருட்டில் பார்த்தால் புள்ளி மூன்று. மேலே வெள்ளை. அதன் கீழே, என் இடக்கைப் பக்கம் பச்சை, வலக்கைப் பக்கம் சிவப்பு.

கடலில் போகிற எவனுக்கும் இதைச் சொல்லித்தர வேண்டாம். படகின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. விலகிப் போகிற படகின் பின்புறத்தில் வெள்ளை மட்டும்தான் தெரியும். பச்சையும் சிவப்பும் ஒன்றாகத் தெரிந்தால் அந்தப் படகின் முகம் நம்மைப் பார்த்து இருக்கிறது. அது நேராக நம்மிடம் வந்துகொண்டிருக்கிறது. உடனே வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். முப்பது வருஷப் பழக்கம் கையில் இருக்கிறது. அது கார்ட்டூன் என்று கைக்குத் தெரியாது.

“கேக்குதேன்லா, எதுக்கு ஒடிச்சீரு?”

மிதந்துவந்த மரத்தடி என்று சொல்லியிருக்கலாம். தினம் ஒன்று மிதக்கும். பெனிஷ் நம்பியிருப்பான். வயர்லெஸ்ஸில் தீர்ப்பு ஆகிவிட்டது, நோட்டில் எழுதியாகிவிட்டது. பன்னிரண்டு படகில் ஒருத்தனும் இதைக் காணவில்லை, எல்லோரும் பகலிலோ, தூக்கக் கண்ணிலோ பார்த்தவர்கள். நான் வாயை மூடிக்கொண்டால் ஆறாயிரத்து முந்நூறு. வாயைத் திறந்தால் மூவாயிரத்து நூற்று ஐம்பதும் போச்சு. சகாயசெல்வி வாசலில் நிற்கிறாள். மரத்தடி என்கிற சொல் நாக்கு நுனிவரை வந்தும்விட்டது.

ஆனால் டோமு வந்துகொண்டிருக்கிறான். அத்தனை வருஷம் கழித்து, அத்தனை தீயையும் தாண்டி, விளக்கெல்லாம் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு நேராக வந்துகொண்டிருக்கிறான். இதைத் தெரிந்துகொண்டு ஒருத்தன் எப்படிப் பேசாமல் இருப்பான்?

“எதிர போட்டு வருது பெனிஷே” என்றேன்.

“எங்க?” அவன் கண்ணாடி வழியாகக் கடலைத் துழாவினான்.

“அங்க இல்ல. இஞ்ச. போன்ல.”

போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன். பார்த்தான். அவன் கையும் வீலில் வலப்பக்கம் லேசாக அசைந்ததை நான் கண்டேன். பிறகு அவன் சோற்றுக் கையை அப்படியே தலையில் வைத்துக்கொண்டான்.

“எனக்க மாதாவே... பச்சையும் செவப்பும்!”

“ஆன்ட்ரூஸே!” என்று நான் கத்தினேன். என் தொண்டை அப்படிக் கத்தும் என்று எனக்கே தெரியாது. “ஏலே ஆன்ட்ரூஸே, ஓடி வா! டோமு வாறான்! நேரா வாறான்!”

எட்டுப் பேரும் அந்தச் சின்ன வீல் அறைக்குள் எப்படி நுழைந்தோம் என்று தெரியவில்லை. ஒருத்தன் தோளில் ஒருத்தன். ஆன்ட்ரூஸ் கண்ணைப் போனோடு ஒட்டவைத்துப் பார்த்தான். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முதுகில் பளார் பளார் என்று அடித்தான். பெனிஷ் மைக்கை எடுத்துச் செய்தியைச் சொன்னான். வயர்லெஸ் ஒரு நிமிஷம் ஊமையாகிவிட்டது. எல்லாப் படகிலும் போனைத் தேடுகிறார்கள் என்று புரிந்தது.

முதலில் பேசியது சுதன். “அதெல்லாம் செரி. படம் வரையுகவன் அழகுக்கு ரெண்டு கலரு வச்சிருப்பான். அவனுக்கு இந்த வெளக்குக் கணக்கெல்லாம் எங்க தெரியும்?”

அறைக்குள் எல்லோர் முகமும் தொங்கியது. நான்தான் மைக்கை வாங்கினேன்.

“சுதா, அம்பத்தொண்ண எடு. டோமு போற எடத்தப் பாரு. கெளம்பிப் போற போட்டுல என்ன வெளக்கு தெரியுது?”

நாங்களும் போட்டோம். டோமுவின் படகு மிரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருட்டுக்குள் போகிறது. வெள்ளை விளக்கு ஒன்று. வேறு நிறமே இல்லை. ஆன்ஸ்லின், “தெரிஞ்சுதாண்ணே வரைஞ்சிருக்கான்! அவனும் கடல்காரன்தாண்ணே!” என்று குதித்ததில் அவன் தலை கூரையில் இடித்தது.

வயர்லெஸ்ஸில் மூக்கைச் சிந்துகிற சத்தம். இந்தத் தடவை நடிப்பில்லை.

“ஒத்த வெள்ளைதான் அண்ணே” என்றான் சுதன். “மெட்ராஸ்காரன் நாப்பது நிமிசம் பேசினானே, நாசமாப் போவான், ஒருநாளாவது கடலுக்கு வந்திருக்கானா?”

அப்புறம் எங்கிருந்தோ ஒரு படகு ஹார்ன் அடித்தது. அதைக் கேட்டு இன்னொன்று. பெனிஷும் எங்கள் ஹார்னை அழுத்திப் பிடித்தான். சுற்றிலும் இருட்டிக்கொண்டிருந்த கடலில் பன்னிரண்டு படகும் ஊதிக்கொண்டே இருந்தன. தூரத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு பெரிய சரக்குக் கப்பல் என்ன ஆபத்தோ என்று வயர்லெஸ்ஸில் ஆங்கிலத்தில் கேட்டது. எவனோ ஒருத்தன், “நோ ப்ராப்ளம் சார், டோமு கமிங்” என்று பதில் சொன்னான்.

சத்தம் அடங்கியபின் ஆன்ட்ரூஸ் என்னை ஓரமாக இழுத்தான். “மச்சான், நீ சொல்லாம இருந்திருக்கலாம்லா? நான் கண்டிருக்கமாட்டேன்.”

“எனக்குத் தெரியாதாலே?”

“பாதியாவது தாறேன்.”

“பந்தயம்னா பந்தயந்தான். நீ மட்டுந்தான் வாக்குக்காரனா?”

“சகாயசெல்வி மயினி விடுவாளா ஒன்ன?”

அதை நானும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். கரைக்குப் போனதும் முதல் வேலையாக, இருட்டு அறையில் உட்காரவைத்து அவளுக்கு இதைக் காட்ட வேண்டும். அவளும் பெபிஷாவும் வெள்ளிக்கிழமையே பார்த்து அழுது முடித்திருப்பார்கள். டோமு வந்துவிட்டான் என்று அவர்களிடம் சொல்லப்போகிறவன் நான்தான். கணவாயும் இந்தத் தடவை மோசமில்லை. பங்கிலிருந்து பஸ்ஸுக்குக் கட்டிவிடலாம். அதற்கப்புறமும் ஏசினால் ஏசட்டும்.

பெனிஷ் நோட்டைத் திறந்து பேனாவை என்னிடம் நீட்டினான். “காசு ஒம்மது. நீரே வெட்டும்.”

ஆறாயிரத்து முந்நூறு என்ற எண்ணின் மேல் ஒரு கோடு இழுத்தேன். பக்கத்தில் ‘டோமு வந்தான்’ என்று எழுதினேன். படகு ஆடியதில் எழுத்து கோணிப்போயிற்று. ஆன்ட்ரூஸ் அதைக் குனிந்து பார்த்து, “நல்லா பெருசா எழுதுலே” என்றான்.

“எழுதினது போதும்” என்றான் பெனிஷ். “வலை எடுக்க நேரமாச்சு. எறங்குங்க.”